முப்பது மைலுக்கு ஒரு ஜோடி

ரால்ஃப்: அந்தச் சிவப்பு ஜோடிதான், அக்கா. கண்ணை மூடிக்கிட்டு வாங்கு.

ஹெட்டி: கண்ணைத் திறந்துக்கிட்டே சொல்றேன், வேண்டாம். இந்தப் பச்சை போதும். எவ்வளவு அகலமா இருக்கு பாரு.

ரால்ஃப்: அது ஷூ இல்ல, படகு. அதை மாட்டிக்கிட்டு மலை ஏறினா...

பெர்னார்ட்: ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருக்கீங்களா? முப்பது வருஷமா இந்த ஆம்பிள்சைட்ல ஷூ விக்கறேன். பழசோட அடியைப் பார்க்காம புதுசு கொடுத்ததே இல்ல. ரெண்டு பேரும் போட்டிருக்கறதைக் கழட்டி மேசை மேல வைங்க.

ரால்ஃப்: என்னோடது எதுக்கு? வாங்கறது அக்காதானே.

பெர்னார்ட்: ஜனவரியில ஒரே நாள்ல ஒரே மாதிரி ரெண்டு ஜோடி வாங்கிட்டுப் போனீங்க. அக்காவும் தம்பியும் முதல் தடவையா முப்பது மைல் மலைப் போட்டியில ஒண்ணா ஓடப் போறோம்னு ஊருக்கே சொன்னீங்க. வைப்பா இங்க.

ஹெட்டி: சேறு கழுவலை...

பெர்னார்ட்: நான் பார்க்காத சேறா? ... ம்... ம்ம்.

ரால்ஃப்: என்ன ம்?

பெர்னார்ட்: ஏம்மா ஹெட்டி, முன்பக்கம் ஒரு ரப்பர் பல்லுகூட மிச்சம் இல்லையே. வழவழன்னு தேஞ்சு கிடக்கு. நுனிக்கால்ல மலையேறி ஓடினவங்க ஷூதான் இப்படித் தேயும்.

ஹெட்டி: அது... ஆட்டுக்குத் தீவனம் போடவும் இதைத்தான் மாட்டிக்கிட்டுப் போறேன். கல்லுத் தரை.

ரால்ஃப்: தீவனத்தை நுனிக்கால்லயா நின்னு போடுவ?

ஹெட்டி: நீ வாயை மூடு.

பெர்னார்ட்: உன் கதை அதுக்கு மேல இருக்கு, ரால்ஃப். நேத்துதான் டப்பாவுலேர்ந்து எடுத்த மாதிரி இருக்கு. குதிகால்ல மட்டும் லேசா... அஞ்சு மாசமா நீ என்ன...

ரால்ஃப்: வேற ஒரு ஜோடியும் வெச்சிருக்கேன்.

பெர்னார்ட்: எங்க வாங்கின?

ரால்ஃப்: பக்கத்து டவுன்ல, கெண்டல்ல.

பெர்னார்ட்: என்னை விட்டுட்டுக் கெண்டல்லயா? நல்லா இரு.

ரால்ஃப்: ஞாயித்துக்கிழமை தோறும் ஒண்ணா ஓடிப் பழகறப்ப அக்காவுக்காக மெதுவாப் போறேன். அப்புறம் ஷூ எப்படித் தேயும்? ஒவ்வொரு வேலிக் கதவுகிட்டயும் நின்னு நின்னு...

ஹெட்டி: ஆமாமா. எனக்காகத்தான் நிக்கறான்.

பெர்னார்ட்: சரி சரி. ஹெட்டி, சிவப்பை மாட்டிக்கிட்டு இந்தச் சரிவுப் பலகையில இறங்கு. விரல் முன்னாடி போய் இடிக்குதா?

ஹெட்டி: இல்ல.

பெர்னார்ட்: குதிகால் தூக்குதா?

ஹெட்டி: ...இல்ல. அம்சமாத்தான் இருக்கு. இருந்தாலும் பச்சையைக் கொடுங்க.

பெர்னார்ட்: அடம் பிடிக்காதம்மா. பச்சை, பன்னெண்டு மணி நேரம் நடக்கறவங்களுக்கு. நேரம் ஆக ஆகக் கால் வீங்கும், அதுக்குத்தான் அந்த அகலம். நீ தேச்சிருக்கற தேய்ப்பைப் பார்த்தா எட்டு மணி நேரத்துல வந்து டீ குடிச்சிக்கிட்டு இருப்ப.

ரால்ஃப்: கேட்டியா? எட்டு மணி நேரம்!

ஹெட்டி: எனக்குப் பன்னெண்டு ஆனா ஆகட்டும். உன்கூடத்தானே வரப் போறேன்? உனக்கென்ன அவசரம்?

ரால்ஃப்: பாதி வழியில இருக்கற அணைக்கட்டை மத்தியானம் ஒரு மணிக்குள்ள தாண்டலேன்னா போட்டியிலேர்ந்து திருப்பி அனுப்பிடுவாங்க. அதுக்காகவா அஞ்சு மாசம்... அக்கா, சொன்னாக் கேளு. சிவப்பை வாங்கு.

ஹெட்டி: ஏண்டா இப்படிப் பிடிவாதம் பிடிக்கற?

பெர்னார்ட்: என்னப்பா ரால்ஃப்? முகமே சரியில்லையே. உக்காரு.

ரால்ஃப்: நான் ஓடலை, அக்கா. இதயம் தாறுமாறா துடிக்குதாம். மார்ச்சுலேர்ந்து மாத்திரை. நடக்கலாம், ஓடக் கூடாதுன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டார். கெண்டல்ல எந்த ஷூவும் வாங்கலை. உங்கிட்ட சொன்னா நீயும் விட்டுடுவ... அந்தப் பயத்துலதான் சொல்லலை.

பெர்னார்ட்: அடப்பாவி. அப்போ போட்டியன்னிக்கு என்ன பண்ணப் போற?

ரால்ஃப்: கடைசி ஆளுக்குப் பின்னாடி நடந்துக்கிட்டே வழி காட்டறதுக்காகக் கட்டின ரிப்பனையெல்லாம் அவுத்துட்டு வரணும்ல? அதுக்குப் பேர் கொடுத்துட்டேன். யாரையும் முந்தக் கூடாதுங்கறது விதி. எனக்கு ஏத்த வேலை.

பெர்னார்ட்: அதுக்குத் தனியா விட மாட்டாங்களே. எப்பவும் ரெண்டு பேராச்சே.

ரால்ஃப்: இன்னொரு ஆள் கிடைச்சாச்சாம். யாருன்னு கேட்டா சிரிக்கறாங்க. அது கிடக்கட்டும். அக்கா, நீ முன்னாடி ஓடு. திரும்பிப் பார்க்காம ஓடு. எனக்கு அது போதும்.

ஹெட்டி: பெர்னார்ட், பச்சையைக் கட்டிக் கொடுங்க.

ரால்ஃப்: இவ்வளவு சொல்லியும்...

ஹெட்டி: உன் பொண்டாட்டி மார்ச்சுலயே போன் பண்ணி அழுதுட்டாடா. அன்னிலேர்ந்து நானும் வாயைத் திறக்கலை. ஞாயித்துக்கிழமை உன் வேகத்துக்கு வந்தேன், மத்த நாளெல்லாம் தனியா ஓடிப் பார்த்தேன். உனக்கும் சேர்த்து ஓடிடணும்னுதான் இருந்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஓட ஆரம்பிச்சப்போ நம்ம ஊர்ப் பாலம் தாண்டறதுக்குள்ள மூச்சு முட்டி உக்காந்தவ நான். ஒரு நாளும் முந்திப் போகாம என் பின்னாடியே நடந்தவன் நீ. நீ கடைசியில நின்னு நின்னு வரும்போது எனக்கென்னடா ஓட்டம்? அடுத்த வருஷமும் இதே மலைதான், ஓடிக்கறேன். நீ ரிப்பன் அவுக்கப் பேர் கொடுத்தது தெரிஞ்சதும், போன வாரமே ஓட்டக்காரங்க பட்டியல்லேர்ந்து என் பேரை எடுத்து, ரிப்பன் அவுக்கறவங்க பட்டியல்ல உன் பேருக்குக் கீழ எழுதச் சொல்லிட்டேன்.