ராஜரத்தினம் வாசிக்காத புத்தகம்

மலாக்கா காவல் நிலையம். 1944, இப்போதைய ஜப்பானியக் கணக்கில் 2604ஆம் ஆண்டு, மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. எழுதிக்கொள்பவர் எழுத்தர் மாணிக்கவாசகம்.

என் பெயர் பாக்கியலட்சுமி. தகப்பனார் பெயர் பொன்னுதுரை. வயது நாற்பத்தெட்டு. மணமாகவில்லை. காஜா பெராங்கில் என் தம்பி வீட்டில் வசிக்கிறேன். சென்னையில் பி.ஏ. படித்தேன். சண்டைக்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள், இப்போது ஷோனான் எனப்படும் சிங்கப்பூரில், ஒரு கல்லூரியின் நூலகராக இருந்தேன். யாரும் அழைக்காமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்க ஒரு விதி இருந்தது. நூலகர் கேட்கக் கூடாது, விரிவுரையாளர் ஒருவர்தான் கேட்க வேண்டும். எனக்கு முன் இருந்தவர் தமக்குப் பிடித்த குதிரைப் பந்தய நூல்களால் ஓர் அலமாரியை நிரப்பியதால் வந்த விதி அது. கேட்பவர் ஒரு சீட்டில் நூலின் பெயரும் காரணமும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நூல் வந்ததும் அந்தச் சீட்டைப் பின்னட்டையின் உள்ளே ஒட்டுவோம். பத்து வருடம் கழித்து, இதை யார் எதற்காக வாங்கினார்கள் என்று எவரேனும் கேட்டால் பதில் இருக்க வேண்டும் என்பது நோக்கம்.

1939 ஆகஸ்டில் லண்டனிலிருந்து வந்த பட்டியலில், வடசீனக் கிராமங்களின் நிலக் குத்தகை பற்றிய ஒரு நூலைக் கண்டேன். கப்பல் தபால் பை மறுநாள் கட்டப்பட இருந்தது. பொருளாதார விரிவுரையாளர் விடுப்பில் இருந்தார். ஆகவே, 'இப்பொருள் பற்றி நம்மிடம் வேறு நூல் இல்லை' என்று காரணத்தை நானே எழுதி, மழைக்கு நூலகத்துக்குள் ஒதுங்கியிருந்த கணித விரிவுரையாளர் ராஜரத்தினத்திடம் கையெழுத்துக் கேட்டேன்.

"சீனாக்காரன்ர வயலுக்கும் எனக்கும் என்ன அக்கா?" என்றார். விதிக்காக என்றேன். "நாளைக்கு ஆரும் இதில எனக்குச் சோதினை வைச்சா, எனக்காக நீங்கதான் வந்து எழுதோணும்" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

அதன் பிறகு நூல் வந்தது. ஓரம் வெட்டாத மடிப்புத் தாள்களோடு வந்தது. முதல் இரண்டு அத்தியாயங்களைக் கத்தியால் பிரித்துப் பார்த்துவிட்டு, எண் போட்டு அலமாரியில் வைத்தேன். அதை ஒருவரும் ஒருநாளும் எடுக்கவில்லை.

அதன் பிறகு சண்டை வந்து கல்லூரி ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டபோது, முப்பத்தொரு நூல்களை எடுத்து வைத்து, 1942 ஏப்ரலில் மலாக்கா திரும்புகையில் கொண்டுவந்தேன். நாட்டில் வேறு பிரதி இல்லாதவற்றையே தேர்ந்தெடுத்தேன். இந்த நூலும் அப்படித்தான் வந்தது. ராஜரத்தினமும் மனைவி பொன்னம்மாவும் உஜோங் பாசிருக்கு வந்து மரவள்ளி பயிரிட்டார்கள். அவர் என் வீட்டுக்கு வந்தது இரண்டு முறை. இரண்டு முறையும் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கேட்டு.

இம்மாதம் முதல் தேதி, வானொலிப் பெட்டி தேடி எங்கள் வீட்டைச் சோதனையிட்டார்கள். வானொலி இல்லை. அதிகாரி இந்த நூலின் பொருளடக்கத்தில் ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பில் ஜப்பானிய ராணுவம் என்ற சொற்களைக் கண்டு, பின்னட்டையைத் திறந்து, சீட்டில் இருந்த பெயரை உரக்க வாசித்து, இந்த ஆள் எங்கே என்று கேட்டார். உஜோங் பாசிர் என்றேன். அன்று நான் சொன்னது அந்த இரண்டு சொல் மட்டுமே. காரணம் எழுதிய கை என்னுடையது என்று சொல்லவில்லை. புத்தகத்தைப் பாதுகாத்து வைத்திருப்பவள் மட்டுமே என்று எண்ணி, நூலை எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டார்கள். மறுநாள் ராஜரத்தினத்தைக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

நேற்று பொன்னம்மா வந்தார். "அவர் கணக்குப் படிப்பிக்கிறவர். அவர் ஏன் அக்கா சீனாப் புத்தகம் கேட்டவர்? உங்களிட்ட ஏதும் சொன்னவரோ?" என்றார். நாளைக்கு என்னோடு வாருங்கள் என்றேன். இன்று காலை ஒரு மாற்றுப் புடவையும் என் கண் மருந்தும் எடுத்துக்கொண்டு அவரோடு வந்தேன்.

நூல் இந்த மேசைமேல் இருக்கிறது. சீட்டில் காரணம் எழுதிய கையும் கையெழுத்திட்ட கையும் வேறு என்பதை யாரும் பார்க்கலாம். ஏழாம் அத்தியாயத்தின் தாள்கள் இன்னும் பிரிக்கப்படவில்லை. அதை ராஜரத்தினம் வாசிக்கவில்லை. தேர்ந்தெடுத்த நானும் வாசிக்கவில்லை. கைப்பற்றியவரும் வாசிக்கவில்லை.

இவ்வளவு எழுதியதும் எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு உள்ளே போய்த் திரும்பி வந்தார். "அம்மா, அந்த ஆளு போன வெள்ளிக்கிழமையே போயிட்டாரு. காய்ச்சல்னு எழுதியிருக்கு" என்றார். தாளைக் காட்டி, "கையெழுத்துப் போடலைன்னா இது வெறும் தாள்தான். வீட்டுக்குப் போகலாம். இனிமே இது எதுக்கு?" என்றார்.

எழுத்தர் பேனாவை வைத்த இடத்திலிருந்து, ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்பதால், என் கையாலேயே எழுதுகிறேன். எதற்கு என்று கேட்டதற்கு என் பதில்: இப்பொருள் பற்றி வேறு பதிவு இல்லை.

பொன்னம்மா வெளியே வாங்குப் பலகையில், கணவருக்கென்று அவித்த மரவள்ளியோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. நான் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

மேலே உள்ளதை வாசித்துக் காட்டக் கேட்டேன். திருத்த ஒன்றும் இல்லை. இது பதின்மூன்று நாளுக்கு முன்பும் உண்மையாகவே இருந்தது.

(ஒப்பம்) பொ. பாக்கியலட்சுமி