கொப்பரைக்குக் காய்ச்சல் கண்டறிந்த ஆவுடையம்மாள் அவர்களுக்கு

மட்டாஞ்சேரி, பொன்கழி எண்ணெய் நிலையத்தின் பண்டகசாலைக் காப்பாளர் பணி நிறைவு பெறும் நாளான 1986 ஜூன் 30 அன்று, உடன் பணியாற்றுவோர் வாசித்தளிக்கும் மடல்

கொச்சிக் கரையில் கொப்பரை காத்த கோமகளே! சாக்குத் தைக்கும் கோணூசி பிடித்த கையாலேயே பண்டகசாலையின் சாவியையும் பிடித்த பண்பின் திருவே! எலி போட்ட ஓட்டையை அடைக்காமலும், எழுந்த ஐயத்தைக் கேட்காமலும் ஒருநாளும் ஓய்ந்தறியாத எங்கள் அக்காவே! இருபத்தேழு ஆண்டுகள், மழையில் முன்னே வந்து, மாலையில் பின்னே போய், மனம் சலியாது உழைத்த மாண்பே! வணக்கம்.

இப்படியே இரண்டு பக்கம் எழுதிவிட எங்கள் சரக்குச் சீட்டு எழுத்தர் வெங்கிட்டுவுக்கு வரும். முதல் படியை அப்படித்தான் எழுதினார். அதை வாசித்துப் பார்த்தோம்; ஒருவருக்கும் தொண்டையில் இறங்கவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறோம். இதில் தங்கள் புகழ் கொஞ்சம், எங்கள் பயம் நிறைய. தங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எங்களுக்கு நா எழாது. ஆகவே நடந்ததை யாரோ ஒருவருடைய கதை போல, ஆவுடையம்மாள் என்று பெயர் சொல்லியே சொல்லப்போகிறோம், பொறுத்தருள்க. மேலாளர் அப்துல் ஜலீல் அவர்கள் மேடையில்தான் இருக்கிறார். அவருக்கு இந்த மடலை நாங்கள் முன்கூட்டிக் காட்டவில்லை. வாசிப்பவர் அந்தப் பக்கம் பார்க்காமலே வாசித்தால் காரணம் அதுதான்.

ஆவுடையம்மாளுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் கேள்விதான். மழை பிடித்தால் சாக்குக் கட்டிய சணல் கயிறு ஏன் இறுகுகிறது, வெயில் வந்தால் ஏன் தளர்கிறது என்பார். ஒரு துளி மழையில்லாத மாசி மாதத்தில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மட்டும் பஜார் சாலை ஓடையில் உப்புத் தண்ணீர் மேலேறி வருவது யார் சொல்லி என்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் மாட்டார்; ஓடைச் சுவரில் கரியால் கோடு போட்டு, நாளுக்கு நாள் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார். நாங்கள் சிரிப்போம். சுமை இறக்கும் சங்கிலிப்பாண்டி, "அக்கா, கடலுக்கே வருகைப் பதிவு எடுக்கிறீகளா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பார். அப்போது ஆவுடையம்மாள் மூட்டை தைக்கும் தற்காலிகப் பணியாளர். கணவர் இல்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பாக்கியலக்ஷ்மிக்கு இந்த ஒரு வேலையை நம்பித்தான் சோறும் படிப்பும்.

1974ஆம் ஆண்டு ஆடி மாதம். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. எலிக்காக வளர்த்த பூனை ஒன்று பண்டகசாலையில் உண்டு. மழைக்காலம் வந்தால் சாயா போடும் அடுப்படியை விட்டு அது நகராது. அந்த ஆண்டு அடுப்படியைத் திரும்பியும் பார்க்காமல், மூன்றாவது கொப்பரை அடுக்கின் உச்சியில் ஏறிப் படுத்துக்கொண்டது. ஒருநாள் படுத்தால் தற்செயல் எனலாம். நான்கு நாளும் அதே அடுக்கு, அதே இடம்.

"இத்தன அடுக்கு இருக்க, அது ஏன் அதுல மட்டும் போய்ப் படுக்குது?" என்று ஆவுடையம்மாள் கேட்டார்.

"பூனைக்கு எங்க தூங்கணும்னு அதுக்குத் தெரியாதா? நீங்க சாக்கைத் தையுங்கோ அக்கா" என்றார் வெங்கிட்டு.

சாப்பாட்டு வேளையில் ஆவுடையம்மாள் ஏணி வைத்து ஏறினார். பூனை கிடந்த இடத்தில் கை வைத்தார். சூடு. பூனை படுத்ததால் வந்த சூடா, சூட்டுக்காகப் பூனை படுத்ததா? இரண்டு சாக்குகளுக்கு நடுவே கையை முழங்கை வரை விட்டார். உள்ளே போகப்போகச் சூடு கூடியது. அடுத்த அடுக்கில் விட்டுப் பார்த்தார்; அங்கே ஒன்றுமில்லை. இது பூனையின் சூடில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் கையால் தொட்டதை வைத்துக்கொண்டு போய் மேலாளரிடம் என்னவென்று சொல்வது? முந்தின மாதம்தான், சுவரில் கோடு போட்டதற்காக எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியிருந்தார்.

பாக்கியலக்ஷ்மிக்கு டைபாய்டு வந்தபோது வாங்கிய தெர்மாமீட்டர் வீட்டில் இருந்தது. திங்கட்கிழமை அதை மடியில் மறைத்துக் கொண்டுவந்தார். சணல் கயிற்றில் கட்டி மூட்டைகளின் இடுக்கில் இறக்கினார். பண்டகசாலை வாசலில், தீப்பெட்டி, பீடி, கண்ணாடிப் பொருள் எதையும் உள்ளே கொண்டுவந்தால் வேலை போகும் என்று மலையாளத்தில் எழுதிய பலகை அன்றும் தொங்கிற்று, இன்றும் தொங்குகிறது. அதைத் தாண்டித்தான் அவர் போனார். பத்து நிமிடம் கழித்து இழுத்துப் பார்த்தால் நூற்றொன்று. மற்ற அடுக்குகளில் பாதரசம் அசையவே இல்லை. செவ்வாய்க்கிழமை நூற்றைந்து. மகளுக்கு நூற்றைந்து வந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடியது நினைவுக்கு வந்து, ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்னொரு நாள் பார்த்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

புதன்கிழமை பகல் பன்னிரண்டரைக்குக் கயிற்றை இழுத்தபோது கயிறு லேசாக வந்தது. முனையில் பாதிக் கண்ணாடிதான் இருந்தது. காய்ச்சல் பார்க்கும் கருவி நூற்றெட்டுக்கு மேல் தாங்காது. உள்ளே இருந்த சூட்டில் குமிழ் வெடித்துவிட்டது. பாதரசம் விஷம், உடைந்தால் தொடாதே என்று பாக்கியலக்ஷ்மி தன் பாடப் புத்தகத்தைக் காட்டிச் சொல்லியிருந்தாள். அந்த விஷம் இப்போது கொப்பரைக்குள் கிடந்தது. மறுநாள் காலையில் அந்த அடுக்கு ஆலைக்குப் போகவேண்டும். ஆட்டிய எண்ணெய் ஆலுவா வரை எத்தனை அடுக்களைகளுக்குப் போகுமோ. இதற்கிடையில் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும் சூடு எங்கே போய் நிற்கும் என்பதும் தெரியவில்லை.

வாயைத் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. திறந்தால் வேலை போகும். இரண்டரை மணி நேரம் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். என்றைக்கும் பிசகாத கை. அன்று தைத்த மூட்டைகளில் நான்குக்கு வாய் பிரிந்தது. இருபது தடவையாவது அடுக்கைப் பார்த்திருப்பார். மூன்று மணிக்கு எழுந்து மேலாளர் அறைக்குப் போனார்.

"சாரே, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"எந்தா தப்பு? சாக்கு மாறித் தச்சுட்டீங்களா?"

"மூணாம் அடுக்குக்குள்ள தெர்மாமீட்டர் விட்டேன். ஒடஞ்சு போச்சு. கண்ணாடியும் ரசமும் உள்ள கெடக்கு."

"தெர்மாமீட்டரா? கொப்பரைக்கா?"

"அதுக்குக் காய்ச்சல் சாரே. திங்கக்கெழம நூத்தியொண்ணு, நேத்து நூத்தியஞ்சு, இன்னைக்கு அளவு தாண்டிருச்சு. என்னை என்ன வேணா செய்யுங்க. மொதல்ல அந்த அடுக்கப் பிரிங்க. நாளைக்கு ஆலைக்கு அனுப்பிராதீங்க."

மேலாளர் கோபப்படவில்லை என்று சொல்ல முடியாது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற வேகத்தில் எழுந்தார். ஆனால் எழுந்தவர் நேரே அடுக்கிடம்தான் போனார். கையை விட்டுப் பார்த்தார், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சங்கிலிப்பாண்டியையும் அவரோடு சுமை இறக்கும் செல்லதுரையையும் கூப்பிட்டுப் பிரிக்கச் சொன்னார். நான்காவது வரிசை எடுத்ததும் முகத்தில் அனல் அடித்தது. ஆறாவது வரிசையில் சாக்கு பழுப்பேறிக் கருகியிருந்தது. காற்றுப் பட்டதும் புகை கிளம்பிற்று. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? சுற்றி இருந்தது பூராவும் எண்ணெய்ச் சரக்கு, மேலே மச்சில் கொப்பரை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் முப்பது பேர், இறங்க ஒரே மரப்படி. மூட்டைகளை முற்றத்து மழையில் இழுத்துப் போட்டு, படித்துறையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். ஒரு மணி நேரத்தில் அடங்கியது. ஒருவருக்கும் ஒரு காயமுமில்லை. ரசம் சிந்திய மூட்டைகளைத் தனியே ஒதுக்கி ஆலைக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள்.

முற்றத்தில் கருகிக் கிடந்தவை பன்னிரண்டு மூட்டைகள். ஆவுடையம்மாள் அவற்றின் வாயைப் பார்த்தார். எல்லாம் அவர் தைத்தவை. ஒன்பது நாளைக்கு முன்பு வல்லார்பாடத்திலிருந்து காயல் கடந்து வள்ளப் படகில் வந்த சரக்கு. வாய் பிரிந்து வந்த மூட்டைகளை அவர்தான் படித்துறையில் மறுபடி தைத்தார். நனைந்த சாக்கில் ஊசி இறங்குவது கைக்குத் தெரியும். "இந்தப் பன்னெண்டும் நனஞ்சிருக்கு, தனியா வைங்க" என்று வெங்கிட்டுவிடம் அப்போதே சொன்னார். வெங்கிட்டு சரி என்றார்.

"நனஞ்ச சரக்கு எப்படி உள்ள வந்து? ஆரு வச்சது?" என்று மேலாளர் கத்தினார்.

ஆவுடையம்மாள் வெங்கிட்டுவைப் பார்த்தார். பிறகு சங்கிலிப்பாண்டியை, செல்லதுரையை. மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்தப் பக்கம் திரும்பியிருக்கும், வேலையும் தப்பியிருக்கலாம். அது அவருக்குத் தெரியாமலில்லை.

"மழக்காலமில்லியா சாரே. ஈரம் எந்த வழியா ஏறும்னு யாரு கண்டா?" என்றார்.

அக்கா, இனி யாருடைய கதையோ போல எங்களால் சொல்ல முடியாது. அன்று வள்ளத்தில் மழை பிடித்தபோது, மூட்டைகளுக்கு மேல் விரிக்க வேண்டிய தார்ப்பாயை எங்கள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, கப்பைக்கிழங்கு தின்று சாயா குடித்தோம். மூட்டைகள் நனைந்தன. வெயிலில் காயப்போடலாமென்றால் வெயிலில்லை. கேள்வி வருமே என்று பயந்து, நனைந்த பன்னிரண்டையும் நடுவில் வைத்துச் சுற்றிலும் காய்ந்ததை அடுக்கினோம். வெளிமூட்டையில் ஒரு துண்டை எடுத்து ஒடித்துப் பார்ப்பதுதானே இங்கே சோதனை? அது டக்கென்று ஒடிந்தது. சீட்டில் காய்ந்த சரக்கு என்று எழுதியாயிற்று. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சைக்கும் மூச்சு உண்டு, அந்த மூச்சில் சூடு உண்டு, போக வழியில்லாமல் அந்தச் சூடு ஏறிக்கொண்டே போகும் என்பதெல்லாம் பிற்பாடு பாக்கியலக்ஷ்மி தன் டீச்சரிடம் கேட்டுவந்து தாங்கள் எங்களுக்குச் சொல்லித்தான் தெரியும். சொல்லும்போதும் எங்களைக் குத்திக் காட்டவில்லை.

கண்ணாடி கொண்டுவந்த குற்றத்துக்காகத் தங்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். திரும்ப எடுப்போமென்று யாரும் உறுதி சொல்லவில்லை. மகளுக்குத் தெரியாமல் தினமும் அதே நேரத்துக்குத் தூக்குப்பாத்திரத்தோடு வீட்டைவிட்டுக் கிளம்பி, கலூரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினீர்கள். அங்கே ஒருநாள் சாயா குடிக்க வந்த வெங்கிட்டு, பின்கட்டில் தங்களைக் கண்டார். கண்டவர் எழுந்து வந்து பேசவில்லை. பாதிச் சாயாவை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டார். நாற்பத்தைந்து நாள், ஓணம் கழிந்து தங்களுக்கு மறுபடி வேலைக்கு அழைப்பு வரும்வரை, ஒவ்வொரு காலையிலும் சொல்லிவிடலாம் என்று நாங்கள் கூடிப் பேசினோம். ஒவ்வொரு மாலையும் சொல்லாமல் வீட்டுக்குப் போனோம். எங்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதுதான் காரணம். தங்களுக்கும் ஒரு மகள் இருந்தாள். அந்த ஆண்டு நிரந்தரமாக வேண்டிய தங்கள் வேலை மூன்று ஆண்டு தள்ளிப் போனதும் எங்களால்தான். எல்லாவற்றையும் ஏன் என்று கேட்ட தாங்கள், எங்களை மட்டும் இந்தப் பன்னிரண்டு ஆண்டில் ஒருமுறைகூட ஏன் என்று கேட்கவில்லை.

அதன்பின் நிர்வாகம் பித்தளைக் குழாயிட்ட நீளமான வெப்பமானி வாங்கியது. அதைத் தங்கள் கையில்தான் கொடுத்தது. தினமும் ஒவ்வோர் அடுக்காகப் பார்த்துப் பலகையில் எழுதினீர்கள். அன்றிலிருந்து இன்றுவரை இங்கே ஒரு மூட்டை கருகவில்லை. மச்சில் வேலை செய்யும் பெண்கள் பயமின்றி ஏறி, பயமின்றி இறங்குகிறார்கள். நாளை முதல் அந்தப் பலகையில் எழுதும் பொறுப்பு எங்களுக்கு. உள்ளதை உள்ளபடி எழுதுவோம் என்று இந்தச் சபையறியச் சொல்கிறோம்.

மாண்புமிகு மேலாளர் அவர்களே, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் முற்றத்தில் தாங்கள் கேட்ட கேள்விக்கு விடை கீழே ஒப்பமாக இருக்கிறது. எது முறையோ அதைச் செய்யலாம். சங்கிலிப்பாண்டிக்குப் பணி நிறைவுக்கு இரண்டே ஆண்டு; அதைப் பார்த்து இரங்க வேண்டாம் என்று அவரே எழுதச் சொன்னார்.

அக்கா, கால் நோகாமல், கண் மங்காமல், கண்டதைக் கேட்கும் வாய் ஓயாமல், பாக்கியலக்ஷ்மியோடும் அவள் பிள்ளைகளோடும் நெடுங்காலம் நலமே வாழ்க. மன்னிக்கும்படி கேட்க எங்களுக்கு வாயில்லை. இந்த மடலைச் சுவரில் மாட்டுவதும் மாட்டாததும் தங்கள் விருப்பம். மாட்டினால், வருகிறவர்கள் வாசிக்கட்டும்.

இங்ஙனம்,

தார்ப்பாயைத் தன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்ட செல்லதுரை

நனைந்த மூட்டைகளை நடுவில் அடுக்கிய சங்கிலிப்பாண்டி

காய்ந்த சரக்கு என்று எழுதிய வெங்கிட்டு