ஆண்டிச்சி கரை

ரொம்ப காலத்துக்கு முந்தி, இந்தக் கருவேலங்குளத்துல முப்பிடாதின்னு ஒரு மருத்துவச்சி இருந்தா. தலை திரும்பாத பிள்ளையக்கூட வயித்த நீவி நீவியே திருப்பிருவாளாம்.

அப்போ பண்ணையார் ஒரு சட்டம் போட்டாராம். "இனிமே தாயும் பிள்ளையும் பிழைச்சாத்தான் மருத்துவச்சிக்கு நெல்லு. வருஷம் முழுக்கச் சாவே விழாத கைக்குப் பட்டுச்சேலை!"

முப்பிடாதிக்கு முதல்ல சந்தோஷந்தான். "நல்லாப் பாத்தா நல்ல கூலி, இதுல என்ன தப்பு?"ன்னாளாம். ஆனா அந்த வருஷம் வந்ததெல்லாம் சிக்கலான பிரசவம். கிடையாக் கிடந்து பாத்தும் சிலது தங்கல. நெல்லும் வரல. வீட்டுல உலை ஏறல.

அடுத்த வருஷம் அவ மாறிட்டா. வாசல்ல நின்னே வயித்தப் பாப்பாளாம். லேசான பிரசவம்னா உள்ள போவா. சிக்கல்னா, "எனக்கு இடுப்பு வலி தாயி, அடுத்த ஊருல பாருங்க"ன்னுருவா. அடுத்த ஊர்க்காரியும் அதையேதான் சொல்லுவாளாம். சாவெல்லாம் வழியிலயே விழுந்துது. பண்ணையாரு, "பாத்தியா, மருத்துவச்சி கையில இப்பச் சாவே இல்ல"ன்னு மீசையத் தடவிக்கிட்டாராம்.

வருஷம் முடியப்போற நேரம். பட்டமுத்துன்னு ஒருத்தன் தன் பொண்டாட்டி ஆண்டிச்சிய வண்டியில கொண்டாந்தான். "அத்தை, பிள்ளை குறுக்க கிடக்கு. நீ கை வச்சாப் போதும்."

"எனக்கு இடுப்பு வலிப்பா."

வண்டிக்குள்ள இருந்து ஆண்டிச்சி முனகினாளாம். "நான் செத்தாலும் உன்னையப் பழி சொல்ல மாட்டேன் அத்தை. வந்து பாரேன்."

முப்பிடாதி கதவச் சாத்திட்டா. வண்டி குளத்தங்கரை தாண்டல, ஆண்டிச்சி உசுரு போயிருச்சு.

மறுநாள் கொட்டு முழக்கி முப்பிடாதிக்குச் சேலை குடுத்தாங்க. வாங்கினவ நேரா கரைக்கு ஓடி, பொணத்து மேல அதப் போத்தினா. பட்டமுத்து உருவிக் குளத்துல வீசினானாம்.

"நேத்து கையக் குடுக்காதவ, இன்னைக்குச் சேலையக் குடுக்கியோ?"



கொஞ்ச வருஷம் கழிச்சு பட்டமுத்து தங்கச்சிக்கு வலி கண்டுச்சு. பிள்ளை அதேமாதிரி குறுக்க. வேற போக்கிடம் இல்ல. முப்பிடாதியக் கூப்பிட்டு, மூஞ்சியப் பாக்காமலே நெல்ல அவ மடியில கட்டினானாம். "இந்தா, கூலி தந்தாச்சு. இப்பவாவது உள்ள போ."

போனா. தாய் பிழைச்சா, பிள்ளை தங்கல. கட்டின நெல்ல அவன் திருப்பிக் கேக்கல.

அதுல இருந்துதான் நம்ம ஊருல, மருத்துவச்சி வாசல மிதிக்கும்போதே முழுக்கூலியையும் மடியில கட்டிருவாங்க. அந்தக் கரைக்கும் ஆண்டிச்சி கரைன்னே பேரு. இன்னைக்கும் பிள்ளத்தாச்சியோட வர்ற வண்டிய அங்க நிறுத்த மாட்டாங்க.