ஆறாவது விரல்

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர். முந்தின நாள் எஸ்டேட் திடலில் பழைய படம் போட்டிருந்தார்கள்.

"பியானோ வாசிச்ச கையப் பாத்தியாக்கா? என்னா வேகம்! மூஞ்சியக் காட்டலன்னாலும் அது எங்க வீட்டுக்காரரு கைதான். மெட்ராஸ்ல படத்துக்கு வாசிச்சேன்னு அவரு சொன்னப்ப லயத்து வீடு அத்தனையும் சிரிச்சுச்சே!"

"ஒன் புருசனுக்கு ஆறாவது விரல் வலது கையில. படத்துல இடது கையில லா!"

"நீ எங்க உக்காந்து பாத்த?"

"முன்னால எடமில்ல. தெரைக்குப் பின்பக்கம்."

"பின்பக்கம் பாத்தா எல்லாம் எடம் வலமா மாறித்தானே தெரியும்!"

பேருந்தே சிரித்தது. அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அப்ப அவரேதான்டி!"

"கட்டிக்கிட்ட நாள்லருந்து நானே நம்பலக்கா. இனி அவரு சாப்பாட்டு மேசையில வெரலால வாசிச்சா திட்ட மாட்டேன்."