எங்கள் தலையணையில் பாப்பா தூங்குகிறாள்

மெத்தைக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தூங்கத்தான் வருகிறார்கள், மேடம். உட்கார்ந்து பார்ப்பார்கள், படுத்துப் பார்ப்பார்கள். ஒருவர் குறட்டையே விட்டார். அப்புறம் எழுந்து, விலைச் சீட்டைப் படம் பிடித்துக்கொண்டு போய், அதே மெத்தையை ஆன்லைனில் வேறு எவனிடமோ வாங்குவார்கள். நான் சிரித்த முகத்தோடு விரிப்பை நீவிவிட வேண்டும்.

நான் பேரம் கேட்டே வளர்ந்தவன். ஆள் சலித்துப்போய் வாசல்படியில் கால் வைக்கும்போதுதான் அப்பா தொண்டையைச் செருமுவார். "கோவிச்சுக்கிட்டா எப்படிண்ணே? உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம், நடுவுல ஒண்ணு பேசுவோம், உள்ள வாங்க." போகிறவன் முதுகைப் பார்த்துக் கூப்பிடுவதுதான் எங்கள் தொழில். ஆன்லைனில் முதுகே தெரிவதில்லை. எப்போது போனான் என்றே தெரியாதவனை எப்படிக் கூப்பிடுவது?

மனைவியின் தம்பி மூன்று நாள் வகுப்புக்குப் போய்வந்து எனக்குப் பாடம் எடுத்தான்.

"ஆளை வரவைக்கிறது ஒரு வேலை மாமா. வந்தவனைப் போகவிடாம வச்சிருக்கிறது வேற வேலை. மெத்தையைக் காட்டாதீங்க, கதையைக் காட்டுங்க."

"மெத்தைக்கு என்னடா கதை? படுத்தான், எழுந்தான்."

"அதனாலதான் நீங்க ஈ ஓட்டிக்கிட்டிருக்கீங்க."

பத்து மாதம் வீடியோ போட்டேன். இடப்பக்கம் மெத்தை, வலப்பக்கம் மெத்தை, மேலே ஏறிக் குதிக்கும் நான். பதினோரு பேர் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் மச்சானே, வேறு வேறு கணக்கில்.

என் மகளுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்து இளைப்பு. ஒரு நாள் காலை முழுக்க இருமிக் களைத்து, கடையிலேயே ஒரு தலையணையில் சுருண்டு தூங்கிப்போனாள். அதை வீடியோ எடுத்துப் போட்டேன். எங்கள் தலையணையில் பாப்பா தூங்குகிறாள் என்று எழுதினேன். பொய்யில்லை. சாயங்காலத்துக்குள் ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் "செல்லக்குட்டி இப்ப எப்படி இருக்கா?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் தலையணை வாங்கினார்கள். வாங்கியவர்கள் மறுபடி விசாரிக்க வந்து மெத்தையும் வாங்கினார்கள்.

அப்புறம் டாக்டர் மருந்தை மாற்றினார். அவளுக்குக் குணமாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கயிறு தாண்டும் வீடியோவைப் போட்டேன். நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்.

"பாப்பா தூங்கின வீடியோவைக் கடைசி வரைக்கும் பாக்குறாங்க மாமா. கயிறு தாண்டுறதை மூணே செகண்டுல தள்ளிடறாங்க" என்றான் மச்சான். அவன் சொன்னது அவ்வளவுதான். அவனை விட்டுவிடுங்கள், மற்றது எதுவும் அவனுக்குத் தெரியாது.

பழைய மெத்தையை வாங்கிக்கொண்டு புதியது தருவது எங்கள் கடை வழக்கம். வந்த பழசைப் பின்னறையில் பிரிக்கிறவர்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் பிரிப்பார்கள். பஞ்சில் அவ்வளவு தூசி. அதில் ஒரு கைப்பிடி எடுத்துப் பாப்பாவின் தலையணைக்குள் வைத்து, நானே தைத்தேன். மறுநாளே இளைப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் வீடியோ எடுத்து முடித்ததும் மருந்து கொடுத்துவிடுவேன்.

மனைவி திரைச்சீலையைத் துவைத்தாள், பூனையைத் தங்கை வீட்டுக்கு அனுப்பினாள். ஒரு நாள், "ஏங்க, நம்ம தலையணைதான் ஒத்துக்கலையோ?" என்றாள்.

"நம்ம சரக்கை நாமே சந்தேகப்பட்டா ஊர்ல எவன் வாங்குவான்?" என்றேன். பாவம், வருத்தப்பட்டு மன்னிப்புக் கேட்டாள்.

பாப்பாதான் கண்டுபிடித்தாள். "இது வேணாம்ப்பா. மூக்குக்குள்ள என்னமோ போகுது."

"ஒரு வாரம் மட்டும் வச்சுக்கோடா."

"ரெண்டு நாள்."

என் ரத்தம் அல்லவா, மேடம். நான்கு நாளில் முடித்தோம். நான்காம் நாள் மாற்றிக் கொடுத்திருப்பேன், சொன்ன சொல் தவறுகிறவன் இல்லை.

மூன்றாம் நாள் மதியம் லைவ் போட்டேன். அத்தனை பேர் ஒரே நேரத்தில் வந்து நான் பார்த்ததில்லை. அவள் உதடு நிறம் மாறியதை மற்றவர்களுக்கு முன்னால் நான்தான் கவனித்தேன். மருந்து என் சட்டைப் பையில் இருந்தது. திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. அது ஓர் இடத்தில் நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.

இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கிலும் வாயிலும் குழாயோடு கிடக்கிறாள். இன்னும் எதுவும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். தூசியை வைத்தது நான். மருந்தைப் பையில் வைத்துக்கொண்டு நின்றதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒன்றே ஒன்று, மேடம். கைபேசியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம். ஆனால் பாப்பா எப்படி இருக்கிறாள் என்று அதில் ஆயிரம் பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். யாரையாவது விட்டு ஒரு வரி பதில் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் போய்விடுவார்கள்.