தையல் முடிச்சு

மழை வருகிற மாதிரி இருந்தால் மாடி வீட்டுத் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைப்பது நான்தான், சார். நல்ல மனசு என்று வைத்துக்கொள்ளுங்களேன். மடிக்கும்போது நாலு விஷயம் கண்ணில் படும் என்பதும் உண்டு.

மாடி அக்கா தையல்காரி. மார்பில் புற்றுநோய் வந்து, அறுத்தெடுத்து, முடி கொட்டி, மறுபடி முளைத்து நன்றாகத்தான் இருந்தாள். இந்தக் கோடையில் எடுத்த ஸ்கேனில் பழைய தழும்புக்கு அடியில் ஏதோ வெள்ளையாக மின்னியதாம்.

"திரும்பி வந்திருக்குமோன்னு சந்தேகப்படறாங்கடி. ஊசி குத்திச் சதை எடுத்திருக்காங்க. யார்கிட்டயும் சொல்லிடாத."

சொல்லவில்லை. மருந்துக்கடையிலும் வாத்தியார் வீட்டிலும் சொன்னதோடு சரி. 'சந்தேகம்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். அது இருந்தால் சேதி சப்பென்று இருக்கும்.

தெருவில் எனக்கு 'வானிலை அறிக்கை' என்று பெயர். வாத்தியார் மகள் ஓடிப்போய்விட்டாள் என்று ஒருமுறை சொன்னேன். அவள் பரீட்சை எழுதிவிட்டுப் பையோடு வந்து நின்றாள். அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தாலே மருந்துக்கடைக்காரர், "குடை எடுத்துக்கலாமா, வேணாமா?" என்பார். எத்தனை வருஷம் பொறுப்பது? இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"அடப்பாவமே. எத்தனை நாள் தாங்குவாங்க?"

"மழைக்கு முன்னாடி போயிடுவாங்க" என்றேன்.

அடுத்த வாரம் அக்கா குளித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. எடுத்தேன். நோயாளிதானே என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன், இல்லையென்றால் விஷயத்தைச் சொல்ல மாட்டார்களே.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. கேன்சர் இல்ல. உள்ள போட்ட தையல் நூலைச் சுத்தி உடம்பே கட்டின முடிச்சு. ஸ்கேன்ல அதே மாதிரிதான் தெரியும். ஆறு மாசம் வர வேணாம்."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவள் என்று என்னைச் சொல்வார்கள். உடம்பும் போடும் என்று அன்றுதான் தெரிந்தது.

அக்கா ஈரத்தலையோடு வந்தாள். "யாருடி, ஆஸ்பத்திரியா? என்ன சொன்னாங்க?"

ஜன்னலுக்குக் கீழே மருந்துக்கடை தெரிந்தது. வாசலில் அவர் நின்றிருந்தார்.

"இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்லையாம்கா. வர வேணாம்னுட்டாங்க."

ஆறு மாதத்துக்கு அது உண்மைதானே, சார்.

அவள் அழவில்லை. "மவனுக்குச் சொல்லாத, வேலைய விட்டுட்டு ஓடி வருவான்" என்றாள். தைக்கக் கொடுத்திருந்த துணிகளை வெட்டியதும் வெட்டாததுமாகத் திருப்பிக் கொடுத்தாள். இதயத்துக்குப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையையும் நிறுத்திவிட்டாள்.

"போற உசுருக்கு மாத்திரை ஒரு கேடாடி?"

போட்டுக்கோக்கா என்று சொல்லத்தான் செய்தேன். அதற்கு மேல் எப்படி வற்புறுத்துவது? இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் தினமும் படியேறினேன். இறங்கி வந்தால் வாத்தியார் மனைவி நாற்காலி போட்டு, "எப்படி இருக்காங்க?" என்று கேட்பாள். எனக்கு இந்தத் தெருவில் அதுவரை யாரும் நாற்காலி போட்டதில்லை.

மாரடைப்பு என்கிறீர்கள். மகன் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தானாம். போனை எடுத்தது நான்தான், மறைத்ததும் நான்தான். கொன்றேன் என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், சார். அவளை எடுத்த மறுநாள்தான் மழை வந்தது.