மூணு மணிக்குள்ள ஒரு பாட்டு

— கையை எடு லவோன். பசை இன்னும் காயல.

— நான் தொடவே இல்ல அக்கா. பக்கத்துல நிக்கறேன், அவ்வளவுதான்.

— பக்கத்துல நின்னா பெருமூச்சு விடுவே. உன் பெருமூச்சுக்கு மரத்தூள் பறந்து பசையில ஒட்டும். ரெண்டடி தள்ளி நில்லு.

— மணி ஒண்ணே முக்கால். சும்மா சொல்றேன்.

— நீ எதையும் சும்மா சொன்னதில்ல.

— மூணு மணிக்கு டாலஃப்சன் நம்ம வீட்டை விலைக்குப் பாக்க வரார். சம்சாரத்தையும் கூட்டிட்டு வராராம். ஆப்பிள் கேக் பண்ணி வச்சிருக்கேன்.

— வீடு கிடைக்காதுன்னு சொல்லி அனுப்பப் போற ஆளுக்குக் கேக் எதுக்கு? சரி, நம்ம பேச்சு என்ன? உன் வாயால ஒரு தடவை சொல்லு.

— அதான் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கோமே அக்கா.

— சொல்லு, கேக்கறேன்.

— இன்னிக்கு மூணு மணிக்குள்ள நீ கையால செஞ்ச இந்த ஆர்கன் பெட்டி ஒரே ஒரு பாட்டை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் நிக்காம வாசிச்சிட்டா, வீட்டை விக்கற பேச்சை நான் எடுக்கக் கூடாது. வாசிக்கலைன்னா நீ கையெழுத்துப் போடணும். ரெண்டு பேரும் அரிசோனா போறோம்.

— பனியே விழாத ஊருக்கு. ரம்பத்தை ஓட்டினா மேல் வீட்டுக்காரன் தரையைத் தட்டற அடுக்கு மாடிக்கு.

— எழுபத்திரண்டு வயசுல உனக்கு ரம்பம் எதுக்கு? அதுவும் மினசோட்டா குளிர்ல, ஜன்னல் இல்லாத பேஸ்மென்ட்ல?

— முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினேன். ஊர்ப் பிள்ளைங்க அத்தனை பேரும் என் முதுகுக்குப் பின்னாடி கத்தினாங்க. இப்ப நானே செஞ்ச குழல் நான் சொன்னபடி கத்தறதைக் கேக்கணும்னு ஆசை. தப்பா?

— கராஜ்ல பாதிப் படகு ஒண்ணு நிக்குது. அதுவும் ஆசைதான். அதுல ஒரு கோழி கூட ஏறி உக்காராது.

— படகு வேற, இது வேற. படகுக்கு அவசரமில்ல. இதை முடிப்பேன்டி. வரைபடம் தபால்ல வந்த அன்னிக்கே சொன்னேன், முடிப்பேன்னு.

— உன் கையில விரல் எத்தனைன்னு எண்ணிட்டுப் பேசு.

— ஒன்பதே முக்கால். ஆர்கனுக்கு விரலே வேணாம். கைப்பிடியைச் சுத்த ஒரு கை போதும்.

— சிரிக்காதே அக்கா. பிப்ரவரியில சர்ச் விருந்து முடிஞ்சு வந்து பாக்கறேன், பின்வாசல்ல இருந்து கார் நிக்கற இடம் வரைக்கும் பனி மேல ரத்தம். காரையும் காணோம், உன்னையும் காணோம். இங்க கீழ வந்தா ரம்பம் அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கு.

— ரம்பத்தை நிறுத்த மறந்தது தப்புதான். ஒத்துக்கறேன்.

— ரம்பமா இப்ப பேச்சு?

— பதினெட்டு மைல் நானே ஓட்டிட்டுப் போய் டாக்டர் முன்னாடி நின்னேன். விரல் நுனியைக் காப்பி டப்பாவுல பனி போட்டு எடுத்துட்டுப் போனேன். இப்படி ஒரு நிதானத்தைப் பாத்ததில்லன்னு நர்ஸே சொன்னா.

— நர்ஸுக்கென்ன, சொல்லுவா. அவ சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்த ரத்தத்தைப் பாக்கப் போறதில்ல. அக்கா, எனக்குப் பயமா இருக்கு. வெளிய போயிட்டு வரும்போதெல்லாம் கதவைத் திறக்கவே பயமா இருக்கு.

— பயந்தா எப்படி? பசை காஞ்சுடுச்சு. நகரு, பாட்டுக் காகிதச் சுருளை மாட்டணும்.

— இதைத்தான் குளிர்காலம் பூரா கதவைச் சாத்திட்டு வெட்டினியா? காகிதம் பூரா ஓட்டையா இருக்கு.

— ரெண்டாயிரத்து நானூறு ஓட்டை. ஒவ்வொண்ணும் கத்தியால வெட்டினது. நான் கைப்பிடியைச் சுத்தினா துருத்தி காத்து அடிக்கும், காகிதம் நகரும். ஓட்டை வர்ற இடத்துல குழல் பாடும். வேற ஒரு வித்தையும் இல்ல.

— என்ன பாட்டு?

— கேட்டுட்டு நீ சொல்லு. பாரு, சுத்தறேன்.

— ம்.

— என்ன ம்?

— தப்பா நினைக்காதே அக்கா. பூனையை வாளியில போட்டு மூடின மாதிரி இருக்கு.

— இரு, இரு. நிறுத்திட்டேன். கீச்சுக் குழல் பாட வேண்டிய இடத்துல தடிக்குழல் உறுமுது. ஐயையோ. சுருளைப் புரட்டி மாட்டியிருக்கேன்டி! மேல இருக்க வேண்டிய பக்கம் கீழ போயிடுச்சு. ஸ்வரமெல்லாம் இடவலம் மாறி நிக்குது. இருபது குழல் செஞ்சவளுக்கு ஒரு காகிதத்தை மாட்டத் தெரியல பாரு.

— நின்னுடுச்சே அக்கா. ஒப்பந்தப்படி பாத்தா...

— மூணு மணிக்குள்ளன்னுதான் எழுதியிருக்கு. எத்தனை தடவைன்னு எழுதல. வா, அந்த முனையைப் பிடி. முழுசையும் பிரிச்சுப் புரட்டிச் சுத்தணும். கிழிச்சே, கொன்னுடுவேன்.

— என்னையே பிடிக்கச் சொல்றியே.

— வேற யார் இருக்கா? இழுக்காதே. அப்படித்தான். நேரா விடு.

— மணி ரெண்டு அடிச்சாச்சு.

— அடிக்கட்டும். மாட்டியாச்சு. இப்ப வாயைத் திறக்காம கேளு.

— அக்கா.

— வாயைத் திறக்காதேன்னேன்.

— இல்ல அக்கா, இது எனக்குத் தெரியும். இரு, இது... இது நான் பாத்திரம் கழுவும்போது முனகறது!

— கண்டுபிடிச்சியா? ஆறு வருஷமா முனகறே. உன் புருஷன் ஹரால்ட் செத்துப் போனப்புறம் பெட்டியோட இங்க வந்தியே, அன்னிக்கு ராத்திரியில இருந்து.

— இது பாட்டே இல்லையே. வாய்க்கு வந்தது.

— வாய்க்கு வந்ததுதான் பாட்டு. சமையல் அறைக் குழாய் நேரா இந்தக் கூரைக்கு மேலதான் இருக்கு. நீ முனகுவே, நான் கீழ நின்னு காகிதத்துல கோடு போடுவேன். என்னடி இது, சுருதி இறங்குது!

— மூச்சு வாங்கற மாதிரி இருக்கே. இன்னும் வேகமா சுத்து.

— வேகமா சுத்தினா பாட்டும் சேர்ந்து ஓடும். போச்சு. படுத்துடுச்சு.

— என்ன ஆச்சு?

— காத்து பத்தல. ஒண்ணு ரெண்டு குழல் பாடற வரைக்கும் தாங்குச்சு. நாலு குழல் சேர்ந்து பாடற இடம் வந்ததும் விழுந்துடுச்சு. எங்கயோ ஒழுகுது. ஆனா செவ்வாய்க்கிழமை சோதிச்சுப் பாத்தேனே! துருத்தி உப்பிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்னுச்சு. கடிகாரம் வச்சுப் பாத்தேன்.

— மணி ரெண்டு இருபது அக்கா.

— மேல் அலமாரியில ஊதுபத்தி இருக்கு, எடு. புகை எங்க கலையுதோ அங்க ஓட்டை. பெட்டி, துருத்தி, குழல் எல்லாம் சேர்த்து நாப்பது மூட்டு வரும். ஒவ்வொண்ணா பாத்துடலாம்.

— நேரம் பத்தாது.

— பத்த வைப்பேன். எடுடி.

— இந்தப் பாட்டுல மிச்சம் இருக்கா? விழுந்த இடத்துக்கு அப்புறம்?

— பாதிக்கு மேல இருக்கு.

— எப்படி? எனக்கே இதுக்கு மேல தெரியாதே.

— உனக்குத் தெரியாது. கடைசித் தட்டைக் கழுவிக் குழாயை மூடுவே, பாட்டும் நின்னுடும். ஆறு வருஷமா அதே இடத்துல நிக்குது. கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுக்கல. அதான் மிச்சத்தை நான் போட்டேன்.

— நீயா? சர்ச்சுல உதட்டை மட்டும் அசைக்கிறவ நீ.

— பாட வராது. வெட்ட வரும். ஒரு ஓட்டை பிடிக்கலைன்னா ஒட்டுவேன், பக்கத்துல ஒண்ணு வெட்டுவேன். கடைசி வரியை மட்டும் பதினாலு தடவை மாத்தினேன்.

— எனக்காகவா?

— பின்னே டாலஃப்சனுக்கா? ஊதுபத்தி எங்கடி?

— வேணாம்.

— என்ன வேணாம்?

— சைக்கிள் ட்யூப் பஞ்சர் ஒட்டற பெட்டி ஒண்ணு வச்சிருப்பியே, எங்க?

— மூணாவது இழுப்பறை. அது எதுக்கு இப்ப? ஓட்டை எங்கன்னே இன்னும் தெரியல. ஏய், எங்க குனியறே? முட்டி பிடிச்சுக்கும். அடியில கையை விடாதே!

— இங்கதான் அக்கா. துருத்தியோட பின்பக்கம், கீழ் மடிப்புல. கைப்பிடியை லேசா சுத்து. சுத்தறியா? இப்ப உன் விரலை இங்க வை.

— ஆமா. காத்து படுது. சின்ன ஓட்டை. எப்படிடி கண்டுபிடிச்சே? இவ்வளவு பெரிய பெட்டியில நேரா அங்க போனியே?

— அக்கா...

— லவோன். என்னைப் பாரு.

— பின்னல் ஊசி. புதன்கிழமை. நீ மரக்கடைக்குப் போயிருந்தே.

— நீயா குத்தினே?

— நான்தான். திட்டு அக்கா. ஏதாவது சொல்லு.

— எத்தனை ஓட்டை?

— ஒண்ணுதான். ரெண்டாவது குத்தக் கை வரல.

— ஓட்டையைச் சுத்தி உப்புத்தாள் போட்டுத் தேய். இன்னும் தேய். இப்ப பசை தடவு. கொஞ்சம் காயணும், உடனே ஒட்டினா உரிஞ்சுடும்.

— திட்டவே மாட்டியா?

— திட்டறதுக்கு ஆயுசு பூரா இருக்கு. பாட்டுக்கு அரை மணிதான் இருக்கு. நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா ஜெயிச்சிருப்பே, தெரியுமா? நான் மூணு மணி வரைக்கும் புகையைப் பிடிச்சுட்டு மூட்டு மூட்டா ஊர்ந்துட்டு இருந்திருப்பேன். அந்த மடிப்புல பாக்கணும்னு எனக்குத் தோணியே இருக்காது. ஏன் காட்டிக் கொடுத்தே?

— மிச்சத்தைக் கேக்கணும்.

— என்ன?

— பாட்டோட மிச்சத்தைக் கேக்கணும் அக்கா. அதைக் கேக்காம அரிசோனா போய் நான் என்ன பண்ணப் போறேன்?

— அழாதே. பசையில தண்ணி விழும். ரப்பர் துண்டை வை. கட்டை விரலால அமுக்கு, நடுவுல இருந்து ஓரத்துக்கு. இன்னும் அழுத்து. ஒரு துருத்தியைக் குத்தின கையா இது? இவ்வளவு பலம்தானா?

— போதுமா?

— போதும். எழுந்திரு, என் தோளைப் பிடிச்சுக்கோ. மணி என்ன?

— ரெண்டு நாப்பத்தெட்டு.

— சுருளை ஆரம்பத்துக்குக் கொண்டு வந்துட்டேன். வா, நீ சுத்து.

— நானா? நான் கெடுத்துடுவேன்.

— ஏற்கனவே கெடுத்தாச்சு, இனிமே என்ன? உன் பாட்டு, நீ சுத்து. பாத்திரம் கழுவற வேகத்துல சுத்து. அதான் கணக்கு.

— இப்படியா?

— அப்படித்தான். நிதானம். தோளால சுத்தாதே, மணிக்கட்டால சுத்து.

— அக்கா, அந்த இடம் வருது. நாலு குழல்.

— வரட்டும். அழுதுட்டே சுத்தாதேடி, வேகம் மாறுது. சுத்து, சுத்து. தாங்குது பாரு. தாங்கிடுச்சு!

— இங்கதான் நான் குழாயை மூடுவேன்.

— இன்னிக்கு மூடாதே. போ.

— ஐயோ. இறங்கும்னு நினைச்சேன், மேல ஏறுதே.

— பேசாம கேளு. இன்னும் நாலு சுத்து. மூணு. அவ்வளவுதான். முடிஞ்சுது.

— முடிஞ்சுதா?

— முடிஞ்சுது. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும். நிக்காம. பிடிக்கலையா?

— எனக்குத் தோணியிருந்தா இப்படித்தான் முடிச்சிருப்பேன். ஆனா எனக்குத் தோணியே இருக்காது அக்கா.

— வாசல் மணி அடிக்குது.

— டாலஃப்சன். அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டார். நீ உக்காரு, நான் போய்ச் சொல்லி அனுப்பிடறேன். கேக்குல பாதியைக் கட்டிக் கொடுத்துடறேன், பாவம், தூரத்துல இருந்து வந்திருக்காங்க. நீ ஜெயிச்சுட்டே அக்கா. இனிமே விக்கற பேச்சை எடுக்க மாட்டேன். சத்தியம்.

— நில்லுடி லவோன்.

— மணி மறுபடி அடிக்குது அக்கா.

— அடிக்கட்டும். இந்த வீட்டுல இத்தனை வருஷத்துல நீ ஒரு கோப்பையைக் கூட உடைச்சதில்ல. கடையில சில்லறை கூடக் கொடுத்துட்டா திருப்பிக் கொடுக்க அரை மைல் நடப்பே. அப்படிப்பட்டவ ஊசியை எடுத்துட்டு இருட்டுப் படியில இறங்கி வந்து, நான் செஞ்சதைக் குத்தியிருக்கே. பயமா இருக்குன்னு நீ வாயால நூறு தடவை சொன்னே, என் மண்டையில ஏறல. அந்த ஓட்டை மேல விரல் வச்சப்பதான் ஏறுச்சு.

— அதுக்கென்ன இப்ப? ஜெயிச்சது நீதானே. நீ சொன்னதைச் செஞ்சு காட்டிட்டே.

— அதான். தோத்துட்டு இந்த வீட்டை விட்டு நான் ஒரு அடி வெளிய வச்சிருக்க மாட்டேன். இப்ப ஜெயிச்சாச்சு. அரிசோனாவுல அடுக்கு மாடி வேணாம், கராஜ் இருக்கற வீடா பாரு. போய்க் கதவைத் திற, இந்த வீட்டை நான் விக்கறேன்.